10 டன் பிரஸ்: எந்த டியூப், எந்த ஃபிட்டிங்? இறுக்க இறுக்க ஆயில் கசிகிறது

குறிச்சி பட்டறை
திங்கள், இரவு 9.40

வணக்கம். கோவையில் பம்ப் செட் பிராக்கெட் மெஷினிங் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. பிராக்கெட்டில் புஷ் (துளைக்குள் இறுக்கமாக உட்காரும் உருளை வளையம்) அடிக்க இதுவரை கை பிரஸ்தான். ஒரு நாளில் பத்து புஷ்ஷாவது சாய்ந்து போகும். அதனால் 10 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றை நானே கட்டினேன். பிரேம், சிலிண்டர், பவர் பேக் எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. பைப் வேலையில்தான் மாட்டிக்கொண்டேன்.

விவரம் இதுதான். சிலிண்டர் போர் (உள்விட்டம்) 80, ராட் 56, ஸ்ட்ரோக் 200 மி.மீ. பம்ப் நிமிடத்துக்கு 8 லிட்டர், மோட்டார் 5 எச்.பி., ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லை தாண்டினால் திறப்பது) 200 பார். என்.ஜி 6 அளவு சொலினாய்டு வால்வு ஒன்று, அதற்கான பிளாக் நானே மில்லிங்கில் அடித்தது. ஆயில் 68 நம்பர். பவர் பேக்கிலிருந்து சிலிண்டருக்கு 2 மீட்டர். ராம் (அழுத்தும் தண்டு) வேகமாக இறங்கியதால் ராட் பக்கம் ஒரு த்ராட்டில் வால்வு (ஆயில் ஓட்டத்தை நெரிப்பது) போட்டிருக்கிறேன். பிராக்கெட்டைப் பிடிக்க 32 போர், 50 ஸ்ட்ரோக் ஏர் சிலிண்டர் இரண்டு, காற்று 6 பார்.

பிரஷர் லைனுக்கு 10 மி.மீ. ஸ்டீல் டியூப், எர்மெட்டோ ஃபிட்டிங் (நட்டை இறுக்கினால் உள்ளே ஒரு ரிங் டியூபைக் கடித்துப் பிடிக்கும் வகை). ரிட்டர்னுக்குப் பட்டறையில் கிடந்த அரை இஞ்ச் ஜி.ஐ. பைப். எல்லா மரையிலும் டெஃப்ளான் டேப் சுற்றினேன். 80 பார் வரை ஒன்றுமில்லை. 120 தாண்டினால் நான்கு இடத்தில் வியர்க்கிறது, கேஜ் மாட்டிய இடத்தில் சொட்டுகிறது. பெரிய ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இன்னும் அதிகமாகிறது. எங்கே தவறினேன்? கொஞ்சம் வழி காட்டுங்கள்.

பவர்பேக்
திங்கள், இரவு 10.25

தம்பி, பிரேமும் பிளாக்கும் நீங்களே செய்திருக்கிறீர்கள். பைப் வேலையும் வந்துவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பிரஷர் இருக்கும்போது கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். நான் வேலை கற்ற இடத்தில் என்னோடு இருந்த ஃபிட்டர் ஒருவர், ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டையைக் கையால் பொத்திப் பார்த்தார். ஆட்காட்டி விரலில் முள் குத்தியது போல ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். வலிக்கவே இல்லை என்று சொல்லி வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இரவு முழங்கை வரை வீங்கிவிட்டது. விரலைக் காப்பாற்ற முடியவில்லை. தோலுக்குள் ஆயில் புகுந்தால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து சுத்தம் செய்தாக வேண்டும். புண் சின்னது என்று மருந்து போட்டு அனுப்பிவிடக்கூடும். அதனால் டாக்டரிடம் “ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோடு உள்ளே போயிருக்கிறது” என்று நாமே சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு நீளமான அட்டையைக் காட்டுங்கள், அதில் ஈரம் தெரியும். ஸ்பேனரை எடுக்கும் முன் மோட்டாரை நிறுத்தி, பிரஷரை இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் முன்னால் நின்று, “இங்கே ஆயிலை அடைப்பது எது?” என்று கேட்டுப் பாருங்கள். மரை பெரும்பாலும் பிடிப்பதற்கு மட்டும்தான். அடைக்கும் இடம் வேறு. பிளாக்கில் இறங்கும் பேரலல் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் மரை) மரையில் அடைப்பது முகத்தில் உட்காரும் டவுட்டி வாஷர், அதாவது ரப்பர் விளிம்பு ஒட்டிய உலோக வாஷர். எர்மெட்டோவில் அடைப்பது 24 டிகிரி கோனும், ரிங் டியூபில் கடித்த அந்த ஒரு கோடும். ஃப்ளேர் ஃபிட்டிங்கில் கோன் மேல் கோன். தள்ளி மாட்டும் ஏர் புஷ் ஃபிட்டிங்கில் டியூபின் வெளித்தோலைச் சுற்றிய ஓ-ரிங். டேப்பர் மரை ஒன்றில்தான் மரையே அடைக்கிறது, டேப்புக்கு வேலையும் அங்கேதான். நீங்கள் பேரலல் மரையில் டேப் சுற்றி, எர்மெட்டோ நட்டிலும் டேப் சுற்றியிருக்கிறீர்கள். அந்த டேப் எதையும் அடைக்கவில்லை, நட்டு சரியாக உட்காரவும் விடவில்லை.

இன்னொன்று. டேப் நார் பிரிந்து ஆயிலோடு ஓடும். ஒரு பிரஸ்ஸில் வால்வு நடுவில் சிக்கி ராம் மேலே வரவே இல்லை என்று கூப்பிட்டார்கள். ஸ்பூலை, அதாவது வால்வுக்குள் நகரும் தண்டை, வெளியே எடுத்தேன். பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நார், ஒரு அங்குலம்கூட இருக்காது. அந்த நாரை எடுத்ததும் மிஷின் ஓடியது. அன்றோடு ஹைட்ராலிக்ஸில் டேப் தொடுவதை விட்டுவிட்டேன்.

சரி, இப்போது மூன்று விஷயம் அளந்து சொல்லுங்கள். கேஜ் மரையின் விட்டம், முனையிலும் மேலேயும். டியூபின் சுவர் தடிமன். எர்மெட்டோ பாடி, நட்டு இரண்டிலும் என்ன அடித்திருக்கிறது என்பது.

குறிச்சி பட்டறை
செவ்வாய், காலை 7.15

அண்ணா, நன்றி. அந்த ஃபிட்டர் கதையைப் படித்ததும் மனது சரியில்லை. நேற்று மாலைகூட விரலால்தான் தடவிப் பார்த்தேன். இனி செய்ய மாட்டேன், பையன்களிடமும் சொல்லிவிட்டேன்.

அளந்தேன். கேஜ் மரை மேலே 13.7, முனையில் அதைவிடக் குறைவு. கையால் இரண்டு மூன்று சுற்று போகிறது, அப்புறம் பிடித்துக்கொள்கிறது. கடையில் “இரண்டு நூல் கேஜ்” என்று கேட்டேன், கொடுத்தார்கள். டியூப் சுவர் 1 மி.மீ. எர்மெட்டோ பாடியில் 10எஸ் என்று இருக்கிறது. நட்டு சிலவற்றில் 10எஸ், சிலவற்றில் 12எல். எல்லாம் ஒரே மரைதான், நன்றாக ஏறியது. 12எல் நட்டு மட்டும் டியூபில் கொஞ்சம் ஆடுகிறது.

பவர்பேக்
செவ்வாய், காலை 8.05

மூன்றும் தெரிந்துவிட்டது.

கேஜ் மரை என்.பி.டி., அதாவது அமெரிக்க டேப்பர் மரை. உங்கள் பிளாக் பி.எஸ்.பி. இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச் என்று மட்டும்தான் அர்த்தம். எந்த மரை என்பது அதில் இல்லை. கால் இஞ்ச் பி.எஸ்.பிக்கு அங்குலத்துக்கு 19 மரை, 55 டிகிரி. என்.பி.டிக்கு 18 மரை, 60 டிகிரி. அதனால்தான் இரண்டு மூன்று சுற்று ஏறி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இறுக்கினால் பிளாக் மரை போய்விடும். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவுகளில் இன்னும் மோசம். அங்கே இரண்டுக்கும் 14 மரைதான், வழுக்கிக்கொண்டு ஏறும், கடைசியில் கசியும். பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வெர்னியருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது “கால் இஞ்ச் பி.எஸ்.பி. பேரலல்” என்று முழுதாகக் கேளுங்கள்.

நட்டு விஷயம் இன்னும் முக்கியம். எர்மெட்டோவில் எல் சீரிஸ் லைட், எஸ் சீரிஸ் ஹெவி. 10எஸ்-க்கும் எம்18×1.5 மரை, 12எல்-க்கும் அதே எம்18×1.5. 8எல்-லும் 6எஸ்-ஸும் எம்14×1.5. 10எல்-லும் 8எஸ்-ஸும் எம்16×1.5. எனவே மரை ஏறும், கண் ஏமாறும். 12எல் நட்டின் துளை 12 மி.மீ. டியூபுக்கு. உங்கள் 10 மி.மீ. டியூபைச் சுற்றி அரிசி அளவு இடைவெளி இருக்கும். ரிங்கின் முதுகை அந்த நட்டு சுற்றிலும் சமமாகத் தள்ளாது. கசிவதோடு நிற்காது, டியூப் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம். 12எல் நட்டுகளை இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள். மாற்றும் வரை மோட்டார் போட வேண்டாம்.

டிராயிங்போர்டு
செவ்வாய், மதியம் 1.30

நான் டிசைனில் இருக்கிறேன். பவர்பேக் சார் சொன்னதற்கு மேல் அளவுக் கணக்கு மட்டும் சேர்க்கிறேன். இந்த மிஷினில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது.

முதலில் சுவர். சாதாரண சீம்லெஸ் ஹைட்ராலிக் டியூப், ஈ235 ரகம், இழுவிசை சதுர மி.மீட்டருக்குக் குறைந்தது 340 நியூட்டன். வெடிக்கும் பிரஷருக்கு எளிய கணக்கு உண்டு: இரண்டு மடங்கு இழுவிசையைச் சுவர் தடிமனால் பெருக்கி வெளிவிட்டத்தால் வகுக்க வேண்டும். 10×1 டியூபுக்கு (வெளிவிட்டம் 10, சுவர் 1) 68 மெகாபாஸ்கல், அதாவது 680 பார். நான்கு மடங்கு பாதுகாப்பு வைத்தால் 170 பார். உங்கள் ரிலீஃப் 200. எனவே 10×1 போதாது. 10×1.5 என்றால் 255 பார், 10×2 என்றால் 340.

இப்போது ஒளிந்திருக்கும் ஆபத்து. உங்கள் போர் பரப்பு 50.3 சதுர செ.மீ. ராட் 56 என்பதால் ராட் பக்கம் மிச்சம் 25.6 மட்டும். விகிதம் கிட்டத்தட்ட 2. ராட் பக்கம் த்ராட்டிலைப் போட்டு வெளியேறும் ஆயிலை நெரிக்கிறீர்கள். சும்மா இறங்கும்போதே மேலே பிரஷர் 200 வரை ஏறி ரிலீஃப் திறக்கும். அந்த 200, கீழே ராட் பக்கத்தில் 390 பாருக்கு மேல் போய் நிற்கும். உங்கள் கேஜ் பம்ப் பக்கம் இருப்பதால் அது 200தான் காட்டும். 170 பார் டியூபில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் 390 பார். வியர்க்கும் நான்கு இடத்தில் எத்தனை ராட் பக்கம் என்று பாருங்கள்.

த்ராட்டிலை அங்கிருந்து எடுத்து, மேல் பக்கம் உள்ளே போகும் லைனில் செக் வால்வோடு (ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடுவது) வையுங்கள். ராமின் எடை தானாக விழாமல் இருக்க ராட் பக்கம் ஒரு கவுன்டர்பேலன்ஸ் வால்வு, 10 அல்லது 15 பாரில். எடையைத் தாங்க அது போதும்.

அடுத்தது உள்விட்டம். ஆயில் வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று பார்க்க, நிமிட லிட்டரை 21.2-ஆல் பெருக்கி, உள்விட்டம் மி.மீ. வர்க்கத்தால் வகுத்தால் போதும். பிரஷர் லைனில் 3 முதல் 5, ரிட்டர்னில் 1.5 முதல் 3, சக்ஷனில் 1-க்குள் வைப்பது என் வழக்கம். பலர் மறப்பது இது: ராம் மேலே ஏறும்போது ராட் பக்கம் 8 லிட்டர் போனால், போர் பக்கத்திலிருந்து 15.7 லிட்டர் வெளியே வரும். அந்த லைன் 10×1.5 என்றால் உள்விட்டம் 7, வேகம் 6.8. அதிகம், ஆயில் சூடாகும். 12×2 என்றால் உள்விட்டம் 8, வேகம் 5.2. ஏறும் நான்கு நொடிக்கு அது பரவாயில்லை. பிரஷருக்கு 12×2 டியூப் 283 பார் வரை தாங்கும். எனவே போர் பக்கம் 12×2, ராட் பக்கம் 10×1.5. ரிட்டர்ன் அரை இஞ்ச் சரியான அளவுதான், வேகம் 2 வருகிறது. ஆனால் ஜி.ஐ. வேண்டாம். உள்ளே இருக்கும் துத்தநாகப் பூச்சு உதிரும், ஆயிலோடும் சேராது. சக்ஷன் முக்கால் இஞ்ச், கம்பிச் சுருள் உள்ள ஹோஸ். சாதாரண ஹோஸ் உள்ளே உறிஞ்சிக்கொண்டு ஒட்டிவிடும்.

பவர்பேக்
செவ்வாய், மாலை 6.50

டிராயிங்போர்டு சொன்ன ராட் பக்கக் கணக்கு தங்கம். நான் த்ராட்டில் என்ற வார்த்தையைப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன், அவர் பிடித்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ராட் பக்கம் 10, போர் பக்கம் 12 என்று இரண்டு அளவு வைக்காதீர்கள். கணக்கில் சரிதான். ஆனால் பட்டறையில் இரண்டு டப்பா நட்டு, இரண்டு டப்பா ரிங், அவசரத்தில் ஒன்று மற்றொன்றில் கலக்கும். இப்போது நடந்ததும் அதுதானே. இரண்டையும் 12×2, 12எஸ் ஃபிட்டிங்கில் போடுங்கள். டின் 2353 என்ற ஜெர்மன் தர வரிசையில் எம்20×1.5 மரை 12எஸ்-க்கு மட்டும்தான் உண்டு. வேறு எந்த நட்டும் தப்பித் தவறி ஏறாது. பிளாக் பக்கம் அதற்கு 3/8 பி.எஸ்.பி. வரும், உங்கள் பிளாக்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராயிங்போர்டு
செவ்வாய், மாலை 7.20

ஒப்புக்கொள்கிறேன். மொத்தம் 4 மீட்டர் டியூபில் மிச்சமாகும் காசு ஒன்றுமே இல்லை. 12எஸ் ஃபிட்டிங் 630 பார் ரகம், கவலையே வேண்டாம். எல்லாவற்றையும் 12×2 ஆக்குங்கள்.

கூலிங் ஹவுஸ்
செவ்வாய், இரவு 9.00

குறுக்கே ஒரு கேள்வி. நான் ஏ.சி. வேலை செய்கிறேன். காப்பர் டியூப், ஃப்ளேரிங் செட் எல்லாம் கையில் இருக்கிறது. வளைப்பதும் எளிது. கேஜுக்குப் போகும் சின்ன லைனுக்காவது காப்பர் போடலாமா? ஒரு நண்பர் பிரஸ்ஸுக்குச் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்.

பவர்பேக்
செவ்வாய், இரவு 9.35

வேண்டாம் நண்பரே. ஏ.சி. ஃப்ளேர் 45 டிகிரி. ஹைட்ராலிக்ஸில் வரும் ஜே.ஐ.சி. ஃப்ளேர் 37 டிகிரி. பார்க்க ஒன்று போல இருக்கும், ஒன்றில் ஒன்று மெல்லிய விளிம்பில் மட்டும் உட்காரும். அப்புறம் காப்பர் அதிர்வில் கெட்டிப்படும், ஃப்ளேரின் கழுத்தில் வெடிப்பு விடும். ஆயிலையும் சீக்கிரம் கெடுக்கும். கேஜுக்கு எம்16×2 டெஸ்ட் பாயிண்ட் (கேஜை மாட்டிக் கழற்றும் வாய்) ஒன்றும், அதற்கான மெல்லிய டெஸ்ட் ஹோஸும் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேஜைப் பேனலில் வைத்துவிடலாம், தேவைப்பட்டால் கழற்றி ராட் பக்கமும் மாட்டிப் பார்க்கலாம். குறிச்சி தம்பிக்கும் இதையே சொல்கிறேன். ராட் பக்கம் ஒரு டெஸ்ட் பாயிண்ட் கட்டாயம் வையுங்கள்.

ஓசூர் மெயின்டனன்ஸ்
புதன், காலை 6.30

ஹைட்ராலிக்ஸை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஏர் கிளாம்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். குறிச்சி சார், ஏர் வால்வு எங்கே இருக்கிறது, என்ன டியூப்?

குறிச்சி பட்டறை
புதன், காலை 7.10

ஏர் வால்வு பேனலுக்குள், சிலிண்டரிலிருந்து 3 மீட்டர். 8×5 பி.யு. (பாலியூரித்தேன்) டியூப், வெளிவிட்டம் 8, உள்விட்டம் 5. பெரிய டியூப் போட்டால் வேகமாகப் பிடிக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஸ்விட்ச் அழுத்தியதும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறது. இரண்டு புஷ் ஃபிட்டிங்கில் உஸ் சத்தமும் இருக்கிறது.

ஓசூர் மெயின்டனன்ஸ்
புதன், காலை 7.45

நினைத்தேன். 32 போர், 50 ஸ்ட்ரோக் என்றால் சிலிண்டருக்குள் மொத்தமே 40 சி.சி. காற்று. உங்கள் 3 மீட்டர் 8×5 டியூபுக்குள் 59 சி.சி. சிலிண்டரைவிட டியூப் பெரிது. ஒவ்வொரு தடவையும் முதலில் டியூபை நிரப்பிவிட்டுத்தான் சிலிண்டருக்கு வேலை ஆரம்பிக்கிறது. அந்தக் காற்றை அடுத்த நொடி வெளியே விட்டும் விடுகிறீர்கள், கம்ப்ரசர் மின்சாரமும் அதோடு போகிறது. வால்வை பிரஸ் மேசைக்கு அடியில், அரை மீட்டருக்குள் வையுங்கள். 6×4 டியூப் போடுங்கள். அரை மீட்டரில் 6 சி.சி. மட்டும்தான் வரும். பேனலிலிருந்து வால்வு வரை மெயின் லைன் 8-லேயே இருக்கட்டும், அது எப்போதும் நிரம்பியே இருக்கும். பிடிக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் சிலிண்டர் வாயிலேயே ஸ்பீடு கண்ட்ரோலர், வெளியேறும் காற்றை நெரிக்கும் வகை.

உஸ் சத்தத்துக்கு வருகிறேன். டியூபை எதில் வெட்டினீர்கள்? கட்டிங் பிளேயரில் என்றால் வாய் முட்டை வடிவம் ஆகிவிடும், சாய்வாகவும் இருக்கும். பதினைந்து வருஷமாக லைனில் நான் பார்த்த காற்றுக் கசிவில் பெரும்பகுதி இது ஒன்றுதான். டியூப் கட்டர் ஒன்றை ஒவ்வொரு டூல் பாக்ஸிலும் வைத்த பிறகு இரவு ஷிப்டில் அந்த உஸ் சத்தம் எங்களுக்கு இல்லாமலே போய்விட்டது. வெட்டிய முனையை விரலால் தொட்டுப் பாருங்கள், வெளித்தோலில் கீறல் இருந்தால் இன்னும் ஒரு செ.மீ. வெட்டுங்கள். ஓ-ரிங் அந்தத் தோல் மேல்தான் உட்கார வேண்டும். பிறகு நிற்கும் வரை தள்ளி, ஒரு தடவை பின்னால் இழுத்துப் பாருங்கள். ஃபிட்டிங்கிலிருந்து வெளியே வந்தவுடன் டியூபை மடக்காதீர்கள், ஒரு விரல் நீளமாவது நேராக வர வேண்டும்.

வாங்கும்போது இஞ்ச் டியூபா மி.மீ. டியூபா என்பதையும் பாருங்கள். கால் இஞ்ச் என்றால் 6.35. அது 6 மி.மீ. ஃபிட்டிங்கில் போகாது. ஆனால் 6 மி.மீ. டியூப் கால் இஞ்ச் ஃபிட்டிங்கில் போகும், கொஞ்ச நேரம் பிடித்தும் நிற்கும். அப்புறம் ஒரு நாள் கழன்று பாம்பு போலத் துள்ளும், கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. கூலன்ட் தெறிக்கும் இடத்தில் பி.யு. போடாதீர்கள். எங்கள் லைனில் மலிவு பி.யு. டியூப் ஒரு வருஷத்தில் பிசுபிசுவென்று ஆகி, மடக்கினால் வெடித்தது. பி.யு.வில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகை ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்துவிடும். ஈதர் வகை கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நைலான் 12. நைலான் விறைப்பாக இருக்கும், வளைக்கக் கஷ்டம், ஆனால் உழைக்கும். பிரஸ்ஸில் தண்ணீர் இல்லை என்றால் உங்களுக்கு நல்ல பி.யு. போதும்.

குறிச்சி பட்டறை
புதன், இரவு 8.50

கட்டிங் பிளேயரில்தான் வெட்டினேன். இன்று கட்டர் வாங்கிவிட்டேன். வால்வையும் மேசைக்கு அடியில் மாற்றினேன். இப்போது ஸ்விட்ச் அழுத்திய கணமே டக் என்று பிடிக்கிறது. அவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

12×2 டியூப் 6 மீட்டர், 12எஸ் ஃபிட்டிங், டவுட்டி வாஷர், பி.எஸ்.பி. கேஜ், டெஸ்ட் பாயிண்ட் இரண்டு வாங்கிவிட்டேன். கவுன்டர்பேலன்ஸ் வால்வு வெள்ளிக்கிழமை வரும். எர்மெட்டோ ரிங்கைச் சரியாக எப்படி ஏற்றுவது? நான் இதுவரை நட்டை முழு பலத்தோடு இறுக்கியதுதான்.

பவர்பேக்
புதன், இரவு 10.10

நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது கைவேலை.

டியூபை ஹேக்ஸாவில் நேராக வெட்டுங்கள். சக்கரம் வைத்த பைப் கட்டர் வேண்டாம், அது வாயை உள்பக்கம் அமுக்கிவிடும். வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறை லேசாக எடுங்கள், அதிகம் சீவிவிடாதீர்கள். உள்ளே காற்றடித்து, துணி இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். பிசிறு ஒன்று உள்ளே போனால் டெஃப்ளான் நாரைவிட மோசம், ஸ்பூலைக் கீறிவிடும்.

நட்டு, ரிங், பாடியின் கோன், மரை எல்லாவற்றிலும் ஆயில் தடவுங்கள். முதலில் நட்டு, அப்புறம் ரிங், ரிங்கின் மெல்லிய வெட்டு முனை டியூப் வாயைப் பார்க்க. டியூபைப் பாடிக்குள் தள்ளுங்கள், உள்ளே படி தட்டும். அந்தப் படியில் டியூப் முட்டி நிற்க வேண்டும். இறுக்கி முடிக்கும் வரை கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முட்டாமல் நின்றால் ரிங் கடிக்காது, டியூபோடு சேர்ந்து நகர்ந்துவிடும். நட்டைக் கையால் ரிங் பிடிக்கும் வரை சுற்றுங்கள். அந்த இடத்தில் நட்டிலும் டியூபிலும் மார்க்கரால் ஒரு கோடு. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று. அதற்குக் குறைய வேண்டாம், பலம் இருக்கிறது என்று கூட்டவும் வேண்டாம்.

இப்போது கழற்றிப் பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். ரிங்கின் வெட்டு முனைக்கு முன்னால் டியூபின் தோல் மண்வெட்டியில் மண் குவிந்தது போல ஒரு வரம்பாகத் திரண்டிருக்கும். அந்த வரம்பு முனையின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்காவது மூடியிருக்க வேண்டும், சுற்றிலும். ரிங் டியூபில் சுழன்றால் தவறில்லை. முன்னும் பின்னும் நகர்ந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

வளைப்பது பெண்டரில். சூடு காட்டாதீர்கள், மணல் அடைக்காதீர்கள். ஆரம் விட்டத்தின் மூன்று மடங்கு, அதாவது உங்களுக்கு 36 மி.மீ. குறையக் கூடாது. வளைவு முடிந்து ரிங் ஆரம்பிக்கும் வரை நட்டு உயரத்தில் இரண்டு மடங்கு நேராக இருக்கட்டும். இரண்டு ஃபிட்டிங்குக்கு நடுவே கம்பி போல நேர் டியூப் போடாதீர்கள். ஒரு வளைவு இருந்தால்தான் மாட்டவும் கழற்றவும் முடியும், சூட்டில் நீளும்போதும் அது வாங்கிக்கொள்ளும். டியூபை இழுத்துப் பிடித்து நட்டில் ஏற்றாதீர்கள். நட்டு இல்லாமலே டியூபின் வாய் ஃபிட்டிங்குக்கு நேராக வந்து நிற்க வேண்டும்.

பவர் பேக் தனி ஸ்டாண்டில் இருக்கிறது அல்லவா? மோட்டார் அதிர்வு டியூபுக்குப் போகக் கூடாது. பேக்கிலிருந்து பிரேம் வரை ஹோஸ், பிரேமில் டியூப், ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் ஒரு கிளாம்ப். ஹோஸ் 3/8 இஞ்ச், இரட்டைக் கம்பிப் பின்னல், 2எஸ்.என். அது 330 பார் ரகம். வளைவு ஆரம் 130 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. ஹோஸின் மேல் எழுத்துக் கோடு நேராக ஓடுகிறதா பாருங்கள். கோடு முறுக்கிக்கொண்டால் ஹோஸும் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பிரஷர் வந்தால் ஹோஸ் நீளத்தில் கொஞ்சம் சுருங்கும், அதனால் விறைப்பாகக் கட்டாமல் தொய்வு விடுங்கள்.

குறிச்சி பட்டறை
ஞாயிறு, மாலை 5.30

வெள்ளி இரவும் நேற்றும் முழுக்க இதே வேலை. சொல்கிறேன்.

பழைய ஜாயிண்ட் ஒவ்வொன்றையும் கழற்றி, ரிங்கை லென்ஸில் பார்த்தேன். பத்தில் நான்கில் வரம்பு பாதிகூட இல்லை. இரண்டில் ரிங் கையால் நகர்ந்தது. 200 பாரில் இதற்குப் பக்கத்தில் நின்று நான் ஸ்பேனர் பிடித்திருக்கிறேன். நினைத்தால் வயிறு கலங்குகிறது.

புதிதாகச் செய்த முதல் ரிங் எனக்கே திருப்தி இல்லை, டியூப் படியில் முட்டவில்லை. வெட்டிப் போட்டேன். மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. கழற்றிப் பார்க்கும்போது அந்த வரம்பு சுற்றிலும் ஒரே உயரத்தில் மின்னுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. த்ராட்டிலை மாற்றி, கவுன்டர்பேலன்ஸ் 12 பாரில் வைத்தேன். டேங்கைத் துடைத்து, ஆயிலை வடிகட்டி ஊற்றி, வால்வு இடத்தில் ஒரு ஃப்ளஷிங் பிளேட் (ஆயிலை நேராகச் சுற்றவிடும் தட்டு) போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் வால்வை மாட்டினேன்.

50, 100, 150 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். அட்டையால் தேடினேன். 200-இல் ஒரே ஒரு இடம் ஈரம்: பிளாக்கில் போர் பக்கம் போர்ட். டவுட்டி வாஷரைக் கழற்றினால் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருக்கிறது. அளந்தேன். 3/8 வாஷரின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 24. நான் அடித்த ஸ்பாட் ஃபேஸ் (வாஷர் உட்காரச் சமமாக்கிய வட்டம்) 22. வாஷர் விளிம்பு பிளாக்கின் கரட்டுத் தோல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிளாக்கைக் கழற்றி 26-இல் ஸ்பாட் ஃபேஸ் அடித்துச் சுத்தம் செய்து புது வாஷர் போட்டேன். “இங்கே அடைப்பது எது” என்று நீங்கள் கேட்கச் சொன்னதால்தான் நேராக வாஷரைப் பார்த்தேன், இல்லையென்றால் இன்னும் இறுக்கியிருப்பேன்.

இப்போது 200-இல் அரை மணி நேரம், எல்லாம் காய்ந்து கிடக்கிறது. ராட் பக்க டெஸ்ட் பாயிண்டில் கேஜ் மாட்டிப் பார்த்தேன், சும்மா இறங்கும்போது 12க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஒரே சந்தேகம். சீல் மாற்றச் சிலிண்டரைக் கழற்றினால் இந்த ரிங்குகளை மறுபடி பயன்படுத்தலாமா?

டிராயிங்போர்டு
ஞாயிறு, மாலை 6.15

ராட் பக்கம் 12 பார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. 390-இலிருந்து 12.

பவர்பேக்
ஞாயிறு, இரவு 7.40

தாராளமாகப் பயன்படுத்தலாம் தம்பி. எர்மெட்டோவின் அழகே அதுதான். கழற்றி மாட்டும்போது ஒன்றரைச் சுற்று வேண்டாம். முன்பு இருந்த இடத்துக்கு நட்டைக் கொண்டுவாருங்கள், ஸ்பேனரில் பாரம் ஏறுவது கைக்குத் தெரியும், அங்கிருந்து ஒரு சின்ன இறுக்கு. டியூபும் அதே பாடிக்கே திரும்பிப் போக வேண்டும், எனவே கழற்றும் முன் எண் போட்டுவிடுங்கள். டவுட்டி வாஷரை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள்.

இன்றைக்கு எல்லா நட்டிலும் பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள், நட்டிலிருந்து பாடி வரை. ஒரு வாரம் ஓடியபின் பாருங்கள், கோடு விலகியிருந்தால் அந்த நட்டு அசைந்திருக்கிறது. ரிட்டர்ன் ஃபில்டரை முதல் 50 மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள், உள்ளே மிச்சம் இருந்த தூசி எல்லாம் அதில் வந்திருக்கும்.

குறிச்சி பட்டறை
ஞாயிறு, இரவு 8.20

மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுவிட்டேன், எண்ணும் அடித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. நாளை காலை முதல் லாட், 50 பிராக்கெட். அந்த 12எல் நட்டுகளைத் தனி டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன், யாருக்காவது 12 மி.மீ. லைட் சீரிஸ் தேவைப்பட்டால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.